நோரில்: எது கலந்தது, எது கலக்கவில்லை

பாலிஸ்டைரீன் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினின் ஹாப்பரில் கொஞ்சம் பாலிபுரொப்பிலீன் தவறி விழுந்துவிட்டால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, பாகமே சொல்லிவிடும். பாகு அச்சுக்குள் நுழையும் வாயான கேட் பக்கத்தில் வெள்ளைக் கீற்று ஓடும். பாகத்தை மடக்கி உடைத்தால் வாழைப்பட்டை உரிவதுபோல ஏடு ஏடாகப் பிரியும். இரண்டும் ஒரே பேரலில்தான் உருகின, ஒரே ஸ்குருவில்தான் பிசையப்பட்டன, ஒரே அழுத்தத்தில்தான் அச்சுக்குள் போயின. ஆனாலும் சேரவில்லை. பாலிமர் உலகத்தில் இதுதான் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ இரண்டு பாலிமர்களைப் பொறுக்கி எடுத்து, இவை கலக்காது என்று பந்தயம் கட்டுங்கள். அநேகமாக ஜெயிப்பீர்கள்.

அந்தப் பந்தயத்தில் தோற்க வைக்கும் ஜோடிகள் சில உண்டு. அவற்றில் வியாபார அளவில் மிகப் பெரியது பாலிஃபினைலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீனும். முதலாவதை பிபிஓ என்பார்கள், இனி அப்படியே எழுதுகிறேன். பத்துக்குத் தொண்ணூறு, பாதிக்குப் பாதி, தொண்ணூறுக்குப் பத்து என்று எந்த விகிதத்தில் எடுத்தாலும் இரண்டும் சங்கிலிக்குச் சங்கிலி கலந்துவிடும். நோரில் என்ற பெயரில் 1966 முதல் விற்பனையில் இருக்கும் பிளாஸ்டிக்கின் அடிப்படை இதுதான். பாலிமர் கலவை பற்றிய பாடம் எதுவும் இந்த ஜோடியைத் தொடாமல் போவதில்லை. ஆனால் பாடங்கள் பெரும்பாலும் 'இவை கலக்கின்றன' என்பதோடு முடித்துக்கொள்கின்றன. அது பாதிக் கதைதான். நோரில் உருப்படியான ஒரு பொருளானதற்கு அதில் கலக்காமல் நின்ற பகுதியும் அதே அளவுக்குக் காரணம்.

பாலிமர்கள் ஏன் கலக்க மறுக்கின்றன?

சின்ன மூலக்கூறுகள் பொதுவாக எளிதில் கலந்துவிடும். டொலுவீனையும் பென்சீனையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் போதும். ஒன்றோடொன்று பெரிய ஈர்ப்பு இருக்க வேண்டும் என்றில்லை. மூலக்கூறுகள் எத்தனையோ விதமாக இடம் மாறி அமர முடிவதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, ஏறுகிறது, அந்த லாபமே கலப்பை நடத்தி வைக்கிறது. பாலிமரில் ஆயிரம் அலகுகள் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு அலகும் இஷ்டப்படி இடம் மாற முடியாது. என்ட்ரோபி லாபம் சங்கிலிக்கு ஒரு பங்குதான் கிடைக்கும், அலகுக்கு ஒரு பங்கு கிடைக்காது.

இதை 1940-களின் தொடக்கத்தில் கணக்காக்கியவர்கள் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும். ஃப்ளோரிக்கு 1974-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் சமன்பாட்டில் ஒரு எண் வருகிறது. இருவகை அலகுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் எவ்வளவு ஆற்றல் நஷ்டம் என்பதை அது சொல்லும். நஷ்டம் என்றால் எண் நேர்மறை, லாபம் என்றால் எதிர்மறை. இதை இங்கே ஒவ்வாமை எண் என்று வைத்துக்கொள்வோம். சின்ன மூலக்கூறுகள் இரண்டை எடுத்தால் இந்த எண் 2 வரை போனாலும் எல்லா விகிதத்திலும் கலப்பு தாங்கும். இரண்டு பக்கமும் ஆயிரம் அலகு நீளச் சங்கிலிகள் என்றால் தாங்கும் எல்லை 0.002. ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பாலிஸ்டைரீனுக்கும் அக்ரிலிக் என்று நாம் சொல்லும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கும் இடையே ஒவ்வாமை எண் 0.04-ஐ ஒட்டி இருக்கிறது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் எல்லையைப்போல இருபது மடங்கு. அதனால் அந்த இரண்டும் சேராது.

இது எந்த அளவுக்கு நுணுக்கமான விஷயம் என்று காட்ட ஒரு சோதனை உண்டு. 1985-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஃபிராங்க் பேட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் பாலிபியூட்டாடையீனை எடுத்தார்கள். ஒரு பாதியில் சாதாரண ஹைட்ரஜன், மறு பாதியில் ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம். வேதியியலில் இரண்டும் ஒரே பாலிமர். சங்கிலிகள் போதிய அளவு நீளமாக இருந்தபோது அவைகூடப் பிரிந்தன. தன்னோடு தானே சேராத பொருளை மற்றொன்றோடு சேர்த்து வைக்க வேண்டும் என்றால், ஒவ்வாமை எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதுதான் உறுதியான வழி. அதாவது அந்நிய அலகோடு அமர்வதில் கொஞ்சமாவது ஆற்றல் லாபம் இருக்க வேண்டும். பிபிஓ–பாலிஸ்டைரீன் ஜோடியில் அது இருக்கிறது.

கலவை தேடி வந்த கதை இல்லை

நோரிலை யாரும் வெப்ப இயக்கவியல் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஆலன் ஹே என்ற கனடாக்காரர் 1955-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே புதிய பாலிமராக்க முறை ஒன்று அவர் கையில் இருந்தது. 2,6-சைலினால் என்ற ஃபீனால் வகைப் பொருளைக் கரைசலாக்கி, தாமிர உப்பும் அமீனும் சேர்ந்த வினையூக்கியைப் போட்டு, ஆக்சிஜனைக் குமிழியாக விட வேண்டும். அவ்வளவுதான். வளையங்கள் ஆக்சிஜன் அணுவால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிபிஓ ஆகும், துணை விளைபொருள் தண்ணீர். இவ்வளவு சுத்தமான வினை பாலிமர் துறையில் அரிது. இதுபற்றிய கட்டுரை 1959-இல் வெளியானது.

ஆக்சிஜனை எரியக்கூடிய கரைப்பானுக்குள் குமிழியாக விடுவது சுத்தமான வினைதான், ஆபத்தில்லாத வினை அல்ல. 1963-இல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் அந்த நிறுவனத்தின் பைலட் பிளாண்ட் எனப்படும் சோதனை ஆலை வெடித்துக் கட்டடத்தின் கூரை பறந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த இளம் வேதிப் பொறியாளர் ஜாக் வெல்ச். 1981-இல் அதே நிறுவனத்தின் தலைவரானவர்.

பொருளும் காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. கண்ணாடி மாற்ற வெப்பநிலை 210 டிகிரி செல்சியஸ் அளவில். இந்த வெப்பநிலைக்குக் கீழே படிக உருவற்ற பிளாஸ்டிக் கண்ணாடிபோல விறைப்பாக இருக்கும், மேலே போனால் ரப்பர்போலத் தளரும். பாலிஸ்டைரீனுக்கு இது 100 டிகிரிதான். தண்ணீரை பிபிஓ கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, கொதிநீரில் கிடந்தாலும் சிதையாது, மின்காப்பு அருமை. 1964-இல் சந்தைக்கு வந்தது.

சந்தைக்கு வந்த பிறகுதான் சிக்கல் முழுதாகத் தெரிந்தது. 210 டிகிரியில் தளரத் தொடங்கும் பொருள் அச்சுக்குள் தாராளமாக ஓட 300 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் பிபிஓ வளையத்தில் தொங்கும் மெத்தில் தொகுதிகள் சும்மா இருக்காது. காற்றின் ஆக்சிஜன் அவற்றைத்தான் முதலில் தாக்கும். நிறம் கறுக்கும், சங்கிலிகள் குறுக்கே பிணைந்து பாகு இறுகும். ஒருவழியாக மோல்டு செய்து எடுத்தாலும், சூட்டிலேயே வேலை செய்ய வேண்டிய பாகம் காலப்போக்கில் நொறுங்கத் தொடங்கும். எந்தக் குணத்தை நம்பி விற்றார்களோ அதிலேயே அடி விழுந்தது. ஆலை போட்டாகிவிட்டது, வாங்க ஆளில்லை.

அந்த நிலையில்தான் பாலிஸ்டைரீன் உள்ளே வந்தது. மலிவு, எளிதாக ஓடும், எங்கும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து, பிளாஸ்டிக்கை உருக்கிப் பிசைந்து தள்ளும் எக்ஸ்ட்ரூடரில் ஓட்டியபோது ஏடு பிரியவில்லை, பாகு இலகுவாக ஓடியது. இந்தக் கலவைக்கான அமெரிக்கக் காப்புரிமை 1968-இல் எரிக் சிசெக் பெயரில் வெளியானது. பொருள் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நோரில் என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. வெப்பம் தாங்கும் திறனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, மோல்டு செய்யும் வசதியை வாங்கிக்கொண்டார்கள். நல்ல பேரம் என்றுதான் சொல்வேன். 210 டிகிரி தாங்கும் பிளாஸ்டிக் தேவைப்பட்டவர்கள் அன்று கொஞ்சம் பேர். 100 டிகிரிக்கு மேலே, 150-க்குக் கீழே ஏதாவது கிடைக்காதா என்று தேடியவர்கள்தான் ஏராளம்.

நிஜமாகவே கலந்ததா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது தோன்றுகிற அளவுக்கு எளிதில்லை. முதலில் எல்லோரும் செய்வது தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது. தெளிவாக இருந்தால் கலந்தது, மங்கலாக இருந்தால் பிரிந்தது. ரப்பர் சேர்க்காத பிபிஓ–பாலிஸ்டைரீன் தகடு வெளிர் தேன்நிறத்தில் ஊடுருவித் தெரியும். ஆனால் இந்த ஜோடியில் அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.6-ஐ ஒட்டியே இருப்பதால், பிரிந்திருந்தாலும் ஒளி அவ்வளவாகச் சிதறாது. தெளிவு இங்கே பாதிச் சாட்சிதான்.

அடுத்த சாட்சி கண்ணாடி மாற்ற வெப்பநிலை. டிஎஸ்சி என்ற வெப்ப அளவீட்டுக் கருவியில் சில மில்லிகிராம் துண்டை வைத்துச் சீராகச் சூடேற்றினால், மாற்றம் நடக்கும் இடத்தில் வரைகோடு ஒரு படி ஏறும். கலக்காத ஜோடி என்றால் 100 டிகிரிக்கு அருகே ஒரு படி, 210-க்கு அருகே இன்னொரு படி. கலந்தது என்றால் நடுவில் ஒரே படி. பாதிக்குப் பாதி எடையில் எடுத்த கலவைக்கு, எடை விகிதத்தை வைத்து இந்த வெப்பநிலையைக் கணிக்கும் ஃபாக்ஸ் சமன்பாடு சுமார் 148 டிகிரி என்று சொல்கிறது. நூற்றுக்கு முப்பது மட்டும் பிபிஓ என்றால் 127. சோதனையில் வருவதும் இதை ஒட்டியே இருக்கும். விகிதத்தை மாற்ற மாற்ற அந்த ஒற்றைப் படி 100-க்கும் 210-க்கும் நடுவே நகர்ந்துகொண்டே போகும்.

வியாபாரத்துக்கு இதன் அர்த்தம் பெரியது. 120 டிகிரி தாங்கும் கிரேடு கேட்டாலும் 140 கேட்டாலும் புதிய பாலிமர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஃபீடரின் வேகத்தைத் திருத்தினால் போதும். கலக்காத ஜோடியில் இந்த வசதி கிடையவே கிடையாது. அதில் எந்த விகிதத்திலும் பழைய இரண்டு வெப்பநிலைகளே திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் டிஎஸ்சிக்கும் கண் மங்கும் அளவு ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நானோமீட்டருக்கும் சின்னதாகப் பிரிந்திருந்தால் அதற்குத் தெரியாது, 'ஒரே படி' என்றுதான் காட்டும். 1970-களில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கராஸ், வில்லியம் மக்நைட் ஆகியோரின் குழு இதே ஜோடியை டிஎஸ்சி, இயந்திர அதிர்வு, மின்காப்பு அளவீடு என்று பல வழிகளிலும் சோதித்ததன் பின்னணி இதுதான். கலக்கும்போது கொஞ்சம் வெப்பம் வெளிப்படுகிறது என்பதும், கலவையின் அடர்த்தி சராசரிக்கு மேலே சற்று ஏறுகிறது என்பதும் அளந்து பார்த்துத் தெரிந்தன. அலகுகள் தனித்தனியாக இருந்ததைவிட நெருக்கமாக அமர்கின்றன. நியூட்ரான் சிதறல் சோதனைகள் வந்தபோது ஒவ்வாமை எண் எதிர்மறை என்பது நேரடியாகவே தெரிந்தது.

அந்த நெருக்கம் எங்கிருந்து வருகிறது? பாலிஸ்டைரீனில் பென்சீன் வளையம் பக்கவாட்டில் தொங்குகிறது. பிபிஓவில் வளையம் முதுகெலும்பிலேயே இருக்கிறது, அதன் இருபுறமும் மெத்தில் தொகுதிகள். வளையத்தின் எலக்ட்ரான் மேகத்துக்கும் மெத்தில் தொகுதிகளுக்கும் இடையிலான மெல்லிய ஈர்ப்பு என்று சிலர், வளையங்கள் அடுக்கி உட்காரும் வாகு என்று சிலர் விளக்குவார்கள். எப்படிப் பார்த்தாலும் இது ஹைட்ரஜன் பிணைப்பு மாதிரி வலுவான பிடிப்பு இல்லை. லேசான சாய்வுதான். அந்தச் சாய்வு எவ்வளவு லேசானது என்பதைக் குளோரின் ஒன்றைச் செருகிப் பார்த்தபோது தெரிந்தது.

ஒரு குளோரின் அணு

பாலிஸ்டைரீன் வளையத்தின் நுனியில், அதாவது பாரா இடத்தில், ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தால் பாலி-பாரா-குளோரோஸ்டைரீன் கிடைக்கும். அது பிபிஓவோடு கலக்காது. சரி, எல்லா வளையத்திலும் வைக்காமல் சில வளையங்களில் மட்டும் வைத்தால்? கராஸ்–மக்நைட் குழு ஸ்டைரீனையும் பாரா-குளோரோஸ்டைரீனையும் வெவ்வேறு விகிதத்தில் ஒரே சங்கிலியில் கோத்து, அதாவது கோபாலிமராக்கிப் பார்த்தது. குளோரின் ஏறும் அலகுகள் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும்வரை ஒற்றைப் படி நீடித்தது. அதைத் தாண்டியதும், ஓரிரு சதவீத மாற்றத்துக்குள்ளேயே, இரண்டு படிகளாக உடைந்தது. மெல்ல மெல்ல மோசமாகி நடக்கிற மாற்றமில்லை இது, சட்டென்று விழுகிறது. சமன்பாட்டில் எல்லை எண் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருப்பதன் நேரடி விளைவு இது.

இந்த ஆய்வு வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அடுத்ததுதான். குளோரினை நுனியில் வைக்காமல், வளையம் சங்கிலியோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அதாவது ஆர்த்தோ இடத்தில் வைத்தாலும் அந்தப் பாலிமர் பிபிஓவோடு கலக்காது. ஆக ஆர்த்தோவும் கலக்காது, பாராவும் கலக்காது. ஆனால் ஆர்த்தோ அலகையும் பாரா அலகையும் ஒரே சங்கிலியில் கலந்து கோத்த கோபாலிமர், நடுத்தர விகிதங்களில் பிபிஓவோடு கலக்கிறது. பாரா அலகு ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழே வரை உள்ள இடைவெளியில். இரண்டு ஓரங்களிலும் பிரியும், நடுவில் மட்டும் சேரும்.

முதல் தடவை படிக்கும்போது அச்சுப் பிழையோ என்று தோன்றும். விளக்கம் 1983, 1984 வாக்கில் மூன்று இடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது: டென் பிரிங்கே, கராஸ், மக்நைட் ஒரு குழு. ஜெனரல் எலெக்ட்ரிக்கிலேயே இருந்த காம்பர், பெண்ட்லர், பாப் இன்னொரு குழு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பால், பார்லோ மூன்றாவது. மூவர் சொன்னதும் சாராம்சத்தில் ஒன்றே. ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் ஒன்றையொன்று பிடிக்காது. ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டுவிட்டதால் விலகிப் போகவும் வழியில்லை. நடுவே பிபிஓ வந்து நுழைந்தால் அந்த இரண்டுக்கும் இடையிலான தொடர்பு குறைகிறது, மொத்தத்தில் ஆற்றல் மிச்சமாகிறது. பிபிஓ மேல் யாருக்கும் தனிப்பட்ட ஈர்ப்பு இல்லை, உள்ளே இருக்கும் சண்டையிலிருந்து தப்பிக்க அது உதவுகிறது, அவ்வளவுதான். ஈர்ப்பே இல்லாமல் ஒவ்வாமை எண் எதிர்மறையாக முடியும் என்பது அதுவரை இருந்த 'எதிரெதிர் தொகுதிகள் ஈர்க்க வேண்டும்' என்ற பொதுப் புத்தியைத் தள்ளிவைத்தது. கோபாலிமரின் விகிதத்தைத் திருத்திக் கலப்பை வடிவமைக்கலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் பரவலாயிற்று.

கடையளவில் இதே கணக்கு வேறொரு இடத்தில் கடிக்கும். ஸ்டைரீனோடு அக்ரிலோநைட்ரைல் சேர்ந்த கோபாலிமர் பிபிஓவோடு கலக்கும், அக்ரிலோநைட்ரைல் நூற்றுக்குப் பத்தை ஒட்டி இருக்கும்வரை. கடையில் கிடைக்கும் சாதாரண ரகத்தில் அது நூற்றுக்கு இருபத்தைந்து அளவில் இருக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் அடிப்படைப் பகுதியும் அதுதான். அதனால் நோரில் ரீகிரைண்டை, அதாவது மறுபயன்பாட்டுக்கு அரைத்த நோரிலை, சாதாரணப் பாலிஸ்டைரீனில் போட்டால் ஒத்துப்போகும், ஏபிஎஸ்ஸில் போட்டால் ஒத்துப்போகாது. இரண்டும் சாம்பல் நிற கம்ப்யூட்டர் கேபினெட்டாக வந்தால் கண்ணால் பார்த்துப் பிரிப்பதும் கஷ்டம். 'ஸ்டைரீன் குடும்பம்தானே' என்று சேர்த்துக் கொட்டுகிறவர்கள் அதற்குப் பிறகு இம்பாக்ட் சோதனை அறிக்கையைப் பார்த்து விழிப்பார்கள்.

கலந்ததால் மட்டும் கிடைக்காதது

இப்போது கலவை ஆயிற்று. ஒற்றைப் படி, நகர்த்தக்கூடிய வெப்பநிலை, இலகுவான பாகு. இழுவிசை வலிமைகூட நடுத்தர விகிதங்களில் இரண்டு தனிப் பொருள்களையும் மிஞ்சும். எல்லாம் சரிதான், ஆனால் தட்டினால் உடையும்.

பாலிஸ்டைரீன் இயல்பில் நொறுங்கும் பொருள். இழுத்தால் கிரேஸ் எனப்படும் நுண்ணிய வெடிப்புகள் எழும், அவற்றுள் ஒன்று சட்டென்று விரிசலாகிவிடும். பிபிஓ அப்படியில்லை. இழுத்தால் வழுகி நீளும். இந்த வித்தியாசத்துக்குச் சங்கிலிகள் சிக்கிக்கொள்ளும் அடர்த்தி காரணம் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கிரேமரும் அதீன் டொனால்டும் 1980-களின் தொடக்கத்தில் இதே கலவையை மெல்லிய ஃபிலிமாக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இழுத்துப் பார்த்துக் காட்டினார்கள். பாலிஸ்டைரீனில் ஒரு சிக்கலுக்கும் அடுத்த சிக்கலுக்கும் நடுவே மூலக்கூறு எடை 18,000 வாக்கில், பிபிஓவில் 4,000-ஐச் சுற்றி. பிபிஓ சேரச் சேரச் சிக்கல் வலை நெருக்கமாகிறது, கிரேஸ் குறைந்து வழுகல் கூடுகிறது. இரண்டும் உண்மையிலேயே கலப்பதால்தான் இந்த மாற்றம் படிப்படியாக நடக்கிறது. அதனாலேயே பிளாஸ்டிக் எப்படி நீள்கிறது, எப்படி உடைகிறது என்று ஆராய விரும்பியவர்களுக்கு இந்த ஜோடி தோதான கருவியாக அமைந்தது.

ஆனால் கூர்மையான மூலையில் சுத்தியல் பட்டால் இது போதாது. அங்கே தேவை ரப்பர், அதுவும் கலக்காத ரப்பர். சந்தையில் விற்ற நோரில் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் ஹிப்ஸ் எனப்படும் அதிர்ச்சி தாங்கும் பாலிஸ்டைரீனை வைத்துத்தான் செய்யப்பட்டது. ஹிப்ஸில் பாலிபியூட்டாடையீன் ரப்பர் சில மைக்ரான் அளவுள்ள துகள்களாகப் பாலிஸ்டைரீனுக்குள் சிதறிக் கிடக்கும். துகளின் மேற்பரப்பில் பாலிஸ்டைரீன் சங்கிலிகள் வேதிப் பிணைப்பால் ஒட்டப்பட்டிருக்கும். இதில் பிபிஓவைச் சேர்த்தால் அது பாலிஸ்டைரீன் பகுதிக்குள் மட்டும் கரைந்து போகும். ரப்பருக்குள் நுழையாது. துகள்கள் அப்படியே நிற்கும். மேற்பரப்பில் ஒட்டிய பாலிஸ்டைரீன் சங்கிலிகளோ சுற்றியுள்ள கலவையோடு கலந்து துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அடி விழும்போது துகள்கள்தான் அந்த ஆற்றலை ஆயிரக்கணக்கான இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

இங்கே ரப்பரும் சேர்ந்து கரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணாடி மாற்ற வெப்பநிலை கீழே விழுந்திருக்கும், வெப்பம் தாங்கும் குணம் போயிருக்கும், அடி தாங்கும் குணமும் வந்திருக்காது. ஆகவே நோரில் என்ற பொருளுக்குள் ஒரே சமயத்தில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன: அலகு மட்டத்தில் கலந்த ஒரு கட்டம் (ஒரே சீரான பகுதி), மைக்ரான் மட்டத்தில் பிரிந்து நிற்கும் ஒரு கட்டம். 'நோரில் கலக்கும் கலவையா, கலக்காத கலவையா?' என்று தேர்வில் கேட்டால் மாணவன் 'கலக்கும்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவான். அந்தத் துண்டை உடைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் படம் முழுக்கத் துகள்கள்.

தீப்பிடிக்கும் விஷயத்தில் ஒரு உபரி லாபமும் கிடைத்தது. பாலிஸ்டைரீன் கரும்புகையோடு எரிந்து சொட்டும். பிபிஓ எரியும்போது மேலே கரி ஓடாகப் படியும், தீ தானாக அடங்கப் பார்க்கும். பாஸ்பேட் எஸ்டர் சேர்த்தால் புரோமின், குளோரின் இல்லாமலே மின்சாதனங்களுக்கான தீத்தடுப்புத் தரத்தை எட்ட முடிந்தது. டிவி உட்பாகங்கள், ஆபீஸ் மெஷின் உறைகள், மின் இணைப்புப் பெட்டிகள் என்று நோரில் நுழைந்ததற்கு இது பெரிய காரணம். தண்ணீரை உறிஞ்சாத குணத்தால் பம்ப் பாகங்களுக்கும் தண்ணீர் மீட்டர்களுக்கும் போயிற்று.

கலக்காமலே ஒத்துழைத்த தம்பி

நோரிலுக்கு ஒரு பெரிய பலவீனம்: எண்ணெய், பெட்ரோல், கரைப்பான் எதுவும் ஆகாது. இரண்டு பகுதியுமே படிக உருவற்றவை. அழுத்தத்தில் இருக்கும் பாகத்தில் பெட்ரோல் பட்டால் விரிசல் ஓடும். காரின் வெளிப்புறத்துக்கு இது சரிப்படாது. அப்புறம் இன்னொன்று, கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவின் அடுப்பு. இரும்புப் பாகங்களோடு சேர்த்துப் பிளாஸ்டிக் ஃபெண்டரையும் உள்ளே அனுப்ப வேண்டும் என்றால் 180 டிகிரிக்கு மேல் தாங்க வேண்டும். 130 டிகிரி நோரில் அங்கே தொங்கிப் போகும்.

நைலான் எண்ணெய்க்கு அசையாது, அதன் படிகங்கள் அடுப்புச் சூட்டையும் தாங்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சி உப்பும். பிபிஓ அதற்கு நேர் எதிர். சேர்த்துப் பார்க்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இவை இரண்டும் கலக்கவே கலக்காத ஜோடி. சும்மா எக்ஸ்ட்ரூடரில் ஓட்டினால் பிபிஓ பெரிய உருண்டைகளாக நைலானில் மிதக்கும், உடைத்தால் உருண்டைகள் குழியை விட்டுக் கழன்று வரும்.

இங்கே போன வழி வேறு. கலக்க வைக்க முயலவில்லை, எல்லைக்கோட்டை மட்டும் கட்டிப்போட்டார்கள். மேலிக் அன்ஹைட்ரைடு, சிட்ரிக் அமிலம் போன்ற ஒன்றை எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே பிபிஓவோடு வினைபுரிய விட்டால் சில சங்கிலிகளில் கொக்கி விழும். நைலான் சங்கிலியின் நுனியில் இருக்கும் அமீன் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். இப்படி உண்டாகும் பிபிஓ–நைலான் இணைச் சங்கிலி இரண்டு கட்டங்களுக்கும் நடுவே எல்லையில் போய் உட்காரும். மொத்தத்தில் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பிபிஓ உருண்டைகளை மைக்ரான் அளவுக்குப் பொடியாக்கி, மறுபடி ஒன்றுசேராமல் தடுத்து, நைலானோடு ஒட்டியும் வைக்கிறது. பிபிஓ உருண்டைக்குள்ளேயே ரப்பரையும் அடைத்துவிடுவார்கள். ஸ்டைரீன் தொகுதி கொண்ட ரப்பர் என்றால் அந்தத் தொகுதி பிபிஓவில் கரைந்து நங்கூரம் போட்டுக்கொள்ளும், நைலான் பக்கம் போகாது. பழைய ஜோடியின் கலப்பு இங்கேயும் இப்படிச் சின்னதாக வேலை செய்கிறது.

நோரில் ஜிடிஎக்ஸ் என்ற பெயரில் 1980-களில் வந்த இந்த வகைதான் பெயின்ட் அடுப்புக்குள் போய்த் திரும்பிய பிளாஸ்டிக் ஃபெண்டர்களைச் சாத்தியமாக்கியது. டிஎஸ்சியில் வைத்தால் பிபிஓவும் நைலானும் தனித்தனியாகத் தங்கள் இடத்திலேயே தெரியும். ஒற்றைப் படியை எதிர்பார்த்தவர் இதைத் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார்.

ஜெனரல் எலெக்ட்ரிக் தன் பிளாஸ்டிக் பிரிவை 2007-இல் சவுதி அரேபியாவின் சாபிக் நிறுவனத்துக்கு 11.6 பில்லியன் டாலருக்கு விற்றது. நோரிலும் ஜிடிஎக்ஸும் அதோடு போயின. இன்றும் இரண்டு வகையும் உற்பத்தியாகின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்க முடியாது. ஜிடிஎக்ஸைத் தண்ணீர் மீட்டருக்குப் போட்டால் நைலான் ஈரம் குடித்து அளவு மாறும். நோரிலை ஃபெண்டராக்கி அடுப்புக்குள் அனுப்பினால் வளைந்து வெளியே வரும்.